மூளை சொல்ல, நோய் எதிர்ப்பு அணுக்கள் கேட்கின்றன

"ரொம்ப யோசிக்காதே, உடம்புக்கு வந்துடும்." நம் வீடுகளில் இந்தப் பேச்சைக் கேட்காமல் வளர்ந்தவர்கள் மிகக் குறைவு. தேர்வுக்கு இரண்டு நாள் இருக்கும்போது தொண்டை கட்டிக்கொள்கிறது. தேர்வு முடிந்த மறுநாளே காய்ச்சலில் படுத்துவிடுகிறோம். கவலைப்படுவது மூளை. சளியும் காய்ச்சலும் வருவதோ கிருமியால். இந்த இரண்டுக்கும் இடையே உண்மையிலேயே ஏதாவது தொடர்பு இருக்கிறதா, அல்லது பெரியவர்கள் சும்மா சொல்லி வைத்ததா?

நான் பல்கலைக்கழகத்தில் உயிர்மருத்துவ அறிவியல் இரண்டாம் ஆண்டு மாணவி. எங்கள் கால அட்டவணையில் ஹார்மோன்களுக்கு ஒரு பாடம், நோய் எதிர்ப்பியலுக்கு ஒரு பாடம். வெவ்வேறு விரிவுரையாளர்கள், வெவ்வேறு நாள், வெவ்வேறு பாடநூல். ஆகவே உடம்பிலும் அவை தனித்தனித் துறைகளாகவே இயங்குகின்றன என்ற எண்ணம் எளிதில் வந்துவிடும். ஆனால் மூளையின் அடியில் இருக்கும் ஒரு சிறு சுரப்பி, நம் நோய் எதிர்ப்பு அணுக்கள் எத்தனை வளர வேண்டும், எத்தனை சாக வேண்டும் என்பதில் தலையிடுகிறது. இந்த உண்மையின் முதல் தடயம் 1930ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. அந்தக் கதையைத்தான் சொல்லப் போகிறேன். உங்கள் பாட்டியின் முட்டி வலிக்கும் உங்கள் தேர்வு நேரத் தூக்கத்துக்கும் அதில் இடம் உண்டு.

நெஞ்சுக்குள் ஒரு பள்ளிக்கூடம்

முதலில் நோய் எதிர்ப்பு அணுக்கள் எங்கே வளர்கின்றன என்று பார்ப்போம். நம் வெள்ளை இரத்த அணுக்கள் எல்லாம் எலும்பு மஜ்ஜையில் பிறக்கின்றன. அவற்றில் ஒரு பகுதி மட்டும் இரத்தத்தின் வழியே நெஞ்சுக்குப் பயணம் செய்து, மார்பெலும்புக்குப் பின்னால், இதயத்துக்குச் சற்று மேலே இருக்கும் தைமஸ் என்ற உறுப்புக்குள் நுழைகின்றன. அங்கே பயிற்சி பெற்று வெளியே வருபவைதாம் 'டி செல்'கள். தைமஸ் என்ற சொல்லின் ஆங்கில முதல் எழுத்துதான் அந்த 'டி'.

தைமஸில் நடக்கும் தேர்வு எஸ்.பி.எம். தேர்வைவிடக் கடுமையானது. உள்ளே நுழைந்து பெருகும் இளம் செல்களில் 100க்கு 95க்கும் மேற்பட்டவை அங்கேயே இறந்துபோகின்றன. கிருமியை அடையாளம் காணத் தெரியாத செல்லுக்கு வேலை இல்லை. சொந்த உடம்பையே தாக்கும் செல்லை வெளியே விடுவது ஆபத்து. இரண்டு வகையும் கழிக்கப்பட்டு, எஞ்சிய சில மட்டுமே இரத்தத்தில் சேர்கின்றன.

இந்த உறுப்பின் வேலை என்னவென்று வெகு காலம் யாருக்கும் தெரியாது. 1961இல் லண்டனில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜாக் மில்லர், பிறந்தவுடன் தைமஸ் அகற்றப்பட்ட எலிக்குஞ்சுகளுக்கு நிணநீர் அணுக்கள் குறைந்துபோவதையும், வேறு எலியின் தோலை ஒட்ட வைத்தால்கூட அவற்றின் உடம்பு எதிர்க்காமல் ஏற்றுக்கொள்வதையும் காட்டினார். அதன் பிறகுதான் தைமஸ் பாடநூலில் மரியாதையான இடத்தைப் பிடித்தது.

தைமஸுக்கு ஒரு விசித்திரமான குணம் உண்டு. பருவ வயதை ஒட்டி அது 30 முதல் 40 கிராம் எடையுடன் உச்சத்தில் இருக்கும். பிறகு ஆண்டுக்கு ஆண்டு சுருங்கி, அதன் இடத்தைக் கொழுப்பு நிரப்பத் தொடங்கும். இதைப் படிக்கும் இடைநிலைப்பள்ளி மாணவரான உங்களுக்கு உங்கள் ஆசிரியரைவிடப் பெரிய தைமஸ் இருக்கிறது!

சுருங்கிவிட்டால் இனித் தேவையில்லை என்று பொருளா? அப்படித்தான் பலரும் நினைத்தார்கள். இதய அறுவைச் சிகிச்சையின்போது வழியை மறைக்கிறது என்று பெரியவர்களின் தைமஸை வெட்டி எடுப்பதும் உண்டு. ஆனால் 2023இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, தைமஸ் அகற்றப்பட்ட 1,146 பெரியவர்களை, அதே போன்ற இதய அறுவைச் சிகிச்சை செய்துகொண்டும் தைமஸை இழக்காதவர்களோடு ஒப்பிட்டது. ஐந்து ஆண்டுகளுக்குள் இறந்தவர்கள் முதல் பிரிவில் 8.1 விழுக்காடு, இரண்டாம் பிரிவில் 2.8 விழுக்காடு. புற்றுநோயும் முதல் பிரிவில் ஏறக்குறைய இரு மடங்கு. சுருங்கிய பள்ளிக்கூடமும் பாடம் நடத்திக்கொண்டுதான் இருக்கிறது.

சுரப்பியை இழந்த எலிகள்

இனி மூளைக்குப் போவோம். மூக்கின் வேருக்கு நேர் பின்னால், மூளையின் அடியில், ஒரு பட்டாணி அளவில் தொங்கிக்கொண்டிருக்கிறது பிட்யூட்டரி சுரப்பி. எடை அரை கிராம்தான். அதற்கு மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி கட்டளையிட, பிட்யூட்டரி பல ஹார்மோன்களை இரத்தத்தில் விடுகிறது. ஹார்மோன் என்பது இரத்தத்தில் மிதந்து செல்லும் செய்தி. எந்தச் செல்லில் அதற்குரிய ஏற்பி இருக்கிறதோ, அந்தச் செல் மட்டும் செய்தியைப் படிக்கும்.

அமெரிக்க உடற்கூற்றியலாளர் பிலிப் ஸ்மித், எலிகளின் மூளைக்குச் சேதம் இல்லாமல் பிட்யூட்டரியை மட்டும் அகற்றுவதில் கைதேர்ந்தவர். அப்படி அகற்றப்பட்ட எலிகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டன. தைராய்டு, அட்ரினல், இனப்பெருக்கச் சுரப்பிகள் எல்லாம் சிறுத்துப்போயின. 1930இல் அவர் இன்னொன்றையும் பதிவு செய்தார்: தைமஸும் சுருங்குகிறது.

ஆண்டுகளைக் கவனியுங்கள். ஸ்மித் எழுதியது 1930. தைமஸின் வேலை தெரிந்தது 1961. மூளையின் சுரப்பிக்கும் நோய் எதிர்ப்பு உறுப்புக்கும் தொடர்பு இருக்கிறது என்ற தடயம், அது நோய் எதிர்ப்பு உறுப்பு என்று தெரிவதற்கு 31 ஆண்டுகளுக்கு முன்பே பதிவாகி, பொருள் புரியாமல் காத்திருந்தது.

வளரச் சொல்லும் ஹார்மோன்கள்

பிட்யூட்டரியின் எந்த ஹார்மோன் தைமஸைப் பேணுகிறது? சந்தேகம் முக்கியமாக இரண்டின் மேல் விழுந்தது. ஒன்று, நம்மை உயரமாக்கும் வளர்ச்சி ஹார்மோன். மற்றொன்று, தாய்ப்பால் சுரக்க உதவும் புரோலாக்டின்.

1986இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் கீத் கெல்லி குழுவினர் ஓர் அழகான சோதனையைச் செய்தார்கள். தைமஸ் சுருங்கிப்போன வயதான பெண் எலிகளின் உடலில், இந்த இரண்டு ஹார்மோன்களையும் சுரக்கும் பிட்யூட்டரி செல்களைப் பொருத்தினார்கள். கொழுப்பாகிப்போன தைமஸ் திசு மீண்டும் வளர்ந்தது. டி செல்களின் பெருகும் திறனும் கூடியது. வயதானால் தைமஸ் சுருங்குவது திருப்பவே முடியாத விதி என்ற எண்ணம் ஆட்டம் கண்டது.

இது எப்படி நடக்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். நோய் எதிர்ப்பு அணுக்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள 'சைட்டோகைன்' என்ற புரதங்களைப் பயன்படுத்துகின்றன. கிருமி வந்தால் ஒரு டி செல் சைட்டோகைனை வெளியிடும். அதைப் பெற்ற செல் பெருகத் தொடங்கும். விஞ்ஞானிகள் ஏற்பிகளின் அமைப்பை ஆராய்ந்தபோது, வளர்ச்சி ஹார்மோன், புரோலாக்டின் இரண்டின் ஏற்பிகளும் இந்தச் சைட்டோகைன் ஏற்பிகளின் குடும்பத்தைச் சேர்ந்தவை என்று தெரியவந்தது. ஏற்பியின் வெளிப்பக்கத்தில் ஹார்மோன் வந்து ஒட்டியதும், உட்பக்கத்தில் 'ஜாக்' என்ற நொதி விழிக்கிறது. அது 'ஸ்டாட்' என்ற புரதத்தைத் தட்டி எழுப்ப, ஸ்டாட் செல்லின் கருவுக்குள் போய் வளர்ச்சிக்கான மரபணுக்களைத் திறக்கிறது. பல சைட்டோகைன்கள் போகும் பாதையும் இதுவே.

அதாவது, ஹார்மோன், சைட்டோகைன் என்று பிரித்துப் பெயர் வைத்தது நாம். செல்லுக்கு இரண்டும் ஒரே மொழியின் இரண்டு வட்டார வழக்குகள்தாம்.

வளர்ச்சி ஹார்மோனுக்கு ஒரு துணையும் உண்டு. அது கல்லீரலையும் வேறு பல திசுக்களையும் தூண்டி, 'இன்சுலின் போன்ற வளர்ச்சிக் காரணி 1' என்ற இன்னொரு ஹார்மோனைச் சுரக்கச் செய்கிறது. தைமஸின் சுவர்களாக அமைந்த செல்களும் இதை உண்டாக்குகின்றன. இளம் டி செல்கள் பெருகவும் பிழைக்கவும் அது உதவுகிறது. புரோலாக்டினோ சில செல்களை வியக்கும் அளவுக்கு வளர வைக்கும். எலியின் ஒரு வகை நிணநீர்ப் புற்றுநோய்ச் செல்கள் புரோலாக்டின் இருந்தால்தான் பெருகும். அவை எவ்வளவு பெருகுகின்றன என்பதைக் கொண்டே திரவத்தில் எவ்வளவு புரோலாக்டின் இருக்கிறது என்று அளக்கும் முறையே 1980 முதல் ஆய்வகங்களில் உண்டு.

நிறுத்தச் சொல்லும் ஹார்மோன்

முடுக்கி மட்டும் உள்ள வாகனத்தை யாரும் ஓட்ட முடியாது. பிரேக் வேண்டும்.

1936இல் கனடாவின் மாண்ட்ரியல் நகரில் ஹான்ஸ் செல்யே என்ற இளம் மருத்துவ ஆய்வாளர் எலிகளைக் கடும் குளிர், காயம், அளவுக்கு மீறிய உடலுழைப்பு, நச்சு மருந்துகள் எனப் பலவகைத் துன்பங்களுக்கு உள்ளாக்கினார். துன்பம் எதுவானாலும் விளைவு ஒன்றாகவே இருந்தது. 6 முதல் 48 மணி நேரத்துக்குள் தைமஸும் மண்ணீரலும் நிணநீர்ச் சுரப்பிகளும் சுருங்கத் தொடங்கின. அட்ரினல் சுரப்பியும் மாறியது. பின்னாளில் 'மன அழுத்தம்' என்ற சொல்லை உலகம் முழுவதும் பரப்பிய ஆராய்ச்சியின் தொடக்கம் அந்த ஒரு பக்கக் குறிப்புதான்.

இன்று அதன் வழித்தடம் நமக்குத் தெரியும். ஆபத்தையோ அழுத்தத்தையோ உணரும் ஹைப்போதலாமஸ், பிட்யூட்டரிக்கு ஒரு ஹார்மோனை அனுப்புகிறது. பிட்யூட்டரி 'ஏ.சி.டி.எச்.' என்ற ஹார்மோனை இரத்தத்தில் விடுகிறது. அது சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை அடைய, அவை கார்ட்டிசோலைச் சுரக்கின்றன. கார்ட்டிசோல் சில நோய் எதிர்ப்பு அணுக்களை இரத்தத்திலிருந்து எலும்பு மஜ்ஜைக்கு ஒதுங்கச் செய்கிறது. பெருகிக்கொண்டிருக்கும் செல்களை நிறுத்துகிறது. தைமஸில் பயிற்சியின் நடுவில் இருக்கும் இளம் செல்களைத் தற்கொலை செய்துகொள்ள வைக்கிறது. செல்யே கண்ட சுருக்கம் அந்தச் சாவுகளின் விளைவு.

கேட்கக் கொடூரமாக இருக்கிறதல்லவா? ஆனால் கார்ட்டிசோல் வில்லன் இல்லை. 1986இல் ஹியூகோ பெசடோவ்ஸ்கி குழுவினர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். கிருமியோடு போராடும் நோய் எதிர்ப்பு அணுக்கள் வெளியிடும் 'இன்டர்லூகின் 1' என்ற சைட்டோகைன், மூளையைத் தூண்டிக் கார்ட்டிசோல் வகை ஹார்மோனைக் கூட்டுகிறது. பிரேக்கைப் பிடிக்கும்படி கேட்பது நோய் எதிர்ப்பு மண்டலமே! கட்டுப்பாடு இல்லாமல் பெருகினால் அந்தப் படை சொந்த நாட்டையே கொளுத்திவிடும்.

கோவிட் காலத்தில் உலகம் இதைக் கண்ணால் பார்த்தது. 2020இல் பிரிட்டனில் நடந்த 'ரிகவரி' ஆய்வில், கார்ட்டிசோலின் செயற்கை உறவினரான டெக்ஸாமெத்தசோன் என்ற மலிவான ஸ்டீராய்டு, சுவாசக் கருவியில் இருந்த நோயாளிகளின் மரணத்தை மூன்றில் ஒரு பங்கும், உயிர்வாயு மட்டும் பெற்றவர்களின் மரணத்தை ஐந்தில் ஒரு பங்கும் குறைத்தது. உயிர்வாயு தேவைப்படாதவர்களுக்கோ அது உதவவில்லை. ஒரே மருந்துதான். எப்போது, யாருக்கு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

பெரியம்மா வாங்கிய பொட்டலம்

இதை எல்லாம் மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த நான் தமிழில் எழுத உட்கார்ந்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் பெரியம்மா.

தோட்டத்தில் பல ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர். முட்டிகள் இரண்டும் தேய்ந்துவிட்டன. யாரோ சொல்லி இரவுச் சந்தையில் 'மூலிகை' மருந்து ஒன்றை வாங்கிச் சாப்பிட ஆரம்பித்தார். "ரெண்டே நாள்ல வலி பறந்துடுச்சும்மா" என்று என்னிடம் மகிழ்ச்சியோடு காட்டினார். சில மாதங்களில் முகம் உருண்டையானது. லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போனது. காலில் பட்ட சிறு காயம் வாரக்கணக்கில் ஆறவில்லை. சர்க்கரை அளவும் ஏறியது. இவ்வளவுக்கும் காரணம் அந்தப் பொட்டலம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. வலியைப் போக்கிய மருந்தை யார் சந்தேகிப்பார்கள்?

சிகிச்சை அளித்த மருத்துவர், சாப்பிடும் எல்லா மருந்தையும் எடுத்து வரச் சொன்னார். பொட்டலத்தைப் பார்த்ததும் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம் என்று சந்தேகித்து, காலை நேரத்துக் கார்ட்டிசோல் அளவை இரத்தத்தில் சோதித்தார். மிகக் குறைவாக இருந்தது.

வெளியிலிருந்து ஸ்டீராய்டு ஏராளமாக வரும்போது உள்ளே கார்ட்டிசோல் குறைவது ஏன்? வழித்தடத்தை மீண்டும் நினைத்துப் பாருங்கள். மூளையும் பிட்யூட்டரியும் இரத்தத்தில் கார்ட்டிசோல் எவ்வளவு இருக்கிறது என்று எப்போதும் அளந்துகொண்டே இருக்கின்றன. செயற்கை ஸ்டீராய்டைக் கண்டதும், "போதும், இருக்கிறது" என்று அவை ஓய்ந்துவிடுகின்றன. கட்டளை வராத அட்ரினல் சுருங்கிவிடுகிறது. இந்த நிலையில் அந்த மருந்தைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து. உடம்பில் கார்ட்டிசோலே இல்லாமல் இரத்த அழுத்தம் வீழ்ந்து உயிருக்கே முடியலாம். அதனால்தான் மருத்துவர் பெரியம்மாவுக்கு அளந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்து, மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைத்தார். பிட்யூட்டரி மெதுவாக விழித்துக்கொண்டது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டும் இல்லை. பாரம்பரிய மருந்து என்ற பெயரில் விற்கப்படும் பொருள்களில் டெக்ஸாமெத்தசோன் கலந்திருப்பதை மலேசியாவின் தேசிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பும் சிங்கப்பூரின் சுகாதார அறிவியல் ஆணையமும் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்து வருகின்றன. மலேசியாவில் பதிவு பெற்ற மருந்தில் எம்.ஏ.எல். என்று தொடங்கும் பதிவு எண்ணும், ஹோலோகிராம் பாதுகாப்பு ஒட்டுவில்லையும் இருக்க வேண்டும். உங்கள் வீட்டு அலமாரியை இன்று ஒருமுறை திறந்து பாருங்கள். சந்தேகத்துக்குரிய மருந்தை யாராவது நெடுநாள் சாப்பிட்டு வந்தால், பிடுங்கி எறிந்துவிடாமல் பொட்டலத்தோடு அவரை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

"அப்போ எனக்கு வலியே இல்லாம இருந்தது எல்லாம் பொய்யாம்மா?" என்று பெரியம்மா கேட்டார். பொய் இல்லை பெரியம்மா, நிஜமாகவே வலி குறைந்தது. ஆனால் வலியைக் குறைத்த அதே பொருள் காயத்தை ஆற்ற வேண்டிய அணுக்களையும் படுக்க வைத்துவிட்டது என்று சொன்னேன். அந்த ஒரு வரியைத் தமிழில் சொல்ல எனக்கு இரண்டு ஆண்டுப் பாடம் தேவைப்பட்டது.

ஊசி போட்டால் இளமை திரும்புமா?

இப்போது ஒரு கேள்வி உங்களுக்கு எழலாம். வளர்ச்சி ஹார்மோன் தைமஸை வளர்க்கிறது என்றால், அதை ஊசியாகப் போட்டுக்கொண்டால் என்ன? இணையத்தில் இதைச் சொல்லியே விற்பவர்கள் இருக்கிறார்கள்.

அறிவியல் இங்கே நம்மை நிதானிக்கச் சொல்கிறது. மரபணு மாற்றத்தால் புரோலாக்டினே இல்லாமல் பிறக்கும் எலிகளை 1990களில் உருவாக்கினார்கள். அவற்றின் நோய் எதிர்ப்பு அணுக்கள் பெரும்பாலும் இயல்பாகவே இருந்தன. மனிதர்களிலும், வளர்ச்சி ஹார்மோன் குறைவோடு பிறப்பவர்கள் குள்ளமாக இருப்பார்களே தவிர, எய்ட்ஸ் நோயாளிகளைப் போல் தொற்றுக்கு இரையாவதில்லை. அப்படியானால் ஸ்மித், கெல்லி கண்டது தவறா?

2000ஆம் ஆண்டில் கென்னத் டார்ஷ்கைன்ட், நெல்சன் ஹார்ஸ்மன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் இந்த முரண்பாட்டுக்கு ஒரு விளக்கம் தந்தார்கள். அமைதியான காலத்தில் இந்த ஹார்மோன்கள் இல்லாமலும் நோய் எதிர்ப்பு மண்டலம் சமாளித்துக்கொள்ளும். அழுத்தம் வந்து கார்ட்டிசோல் ஏறும்போதுதான் இவற்றின் அருமை தெரியும். கார்ட்டிசோல் அணுக்களைக் கீழே தள்ள, இவை எதிர்ப்பக்கத்திலிருந்து தாங்கிப் பிடிக்கின்றன. தராசின் ஒரு தட்டில் எடை ஏறாதவரை மறுதட்டின் எடைக்கு வேலை இல்லை. என் பார்வையில் இதுவே இந்தத் துறையின் மிக நேர்த்தியான சிந்தனை.

மனிதர்களிடம் சோதனைகளும் நடந்துள்ளன. எச்.ஐ.வி. தொற்று உள்ள பெரியவர்களுக்கு வளர்ச்சி ஹார்மோன் கொடுத்தபோது தைமஸ் பெரிதாகி, புதிய டி செல்கள் கூடியதாக 2008இல் ஓர் ஆய்வு காட்டியது. 2019இல் வெளியான மற்றோர் ஆய்வில், 51 முதல் 65 வயதுள்ள ஆரோக்கியமான ஆண்களுக்கு வளர்ச்சி ஹார்மோனோடு வேறு இரண்டு மருந்துகளும் ஓராண்டு தரப்பட்டன. பலரின் தைமஸில் கொழுப்பு குறைந்து திசு கூடியது. தலைப்புச் செய்திகளில் அது பெரிதாக வந்தது. ஆனால் பங்கேற்றவர்கள் வெறும் 9 பேர். மருந்து பெறாத ஒப்பீட்டுக் குழுவும் இல்லை. கூடவே தரப்பட்ட மருந்துகளில் ஒன்று நீரிழிவு மாத்திரை. வளர்ச்சி ஹார்மோன் சர்க்கரையை ஏற்றிவிடும் என்பதே அதற்குக் காரணம். ஒரு பக்கம் தூக்கினால் இன்னொரு பக்கம் இறங்குகிறது. கடையில் வாங்கிப் பயன்படுத்தும் கட்டத்துக்கு இந்த அறிவியல் வரவே இல்லை.

தேர்வு அறையும் தைமஸும்

மாணவர்களைப் பற்றி என்ன தெரியும்? 1998இல் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் 11 பல் மருத்துவ மாணவர்கள் துணிச்சலான ஆய்வு ஒன்றுக்குச் சம்மதித்தார்கள். அவர்களின் வாயின் மேற்கூரையில் 3.5 மில்லிமீட்டர் அளவில் சிறு காயம் ஒன்று கோடை விடுமுறையில் ஏற்படுத்தப்பட்டது. இன்னொன்று முக்கியத் தேர்வுக்கு மூன்று நாள் முன்பு. அதே மாணவர், அதே அளவு காயம். தேர்வு நேரக் காயம் ஆறச் சராசரியாக மூன்று நாள் கூடுதலாகப் பிடித்தது. ஒருவருக்குக்கூட தேர்வுக் காலத்தில் காயம் விரைவாக ஆறவில்லை. 11 பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனால் 11 பேரும் ஒரே திசையைக் காட்டினார்கள்.

தூக்கத்தைப் பற்றி 2015இல் வந்த ஆய்வு இன்னும் பெரியது. 164 பேரின் தூக்கத்தை ஒரு வாரம் கைக்கடிகாரம் போன்ற கருவியால் அளந்துவிட்டு, சளி வைரஸ் உள்ள சொட்டுகளை மூக்கில் விட்டார்கள். 7 மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர்களைவிட, 6 மணி நேரத்துக்கும் குறைவாகத் தூங்கியவர்களுக்குச் சளி பிடிக்கும் வாய்ப்பு நான்கு மடங்குக்கு மேல் இருந்தது.

இங்கே தராசின் இரண்டு தட்டுகளையும் நினைவில் கொள்ளுங்கள். வளர்ச்சி ஹார்மோன் நாள் முழுவதும் ஒரே சீராகச் சுரப்பதில்லை. இரவின் முதல் பகுதியில் வரும் ஆழ்ந்த தூக்கத்தில்தான் அது பெரிய அலையாக வருகிறது. அந்நேரம் கார்ட்டிசோல் மிகத் தாழ்வாக இருக்கும். விடியலை நோக்கித்தான் அது ஏறும். இரவெல்லாம் விழித்துப் பதற்றத்தோடு படிப்பவர், தாங்கிப் பிடிக்கும் தட்டைக் காலி செய்துவிட்டு, தள்ளிவிடும் தட்டில் எடையைக் கூட்டுகிறார். தூக்கத்தின் நன்மை முழுவதும் இந்த ஹார்மோன்களால் மட்டும்தான் என்று சொல்லிவிட முடியாது. நரம்புகள், சைட்டோகைன்கள் எனப் பல கைகள் அதில் உண்டு. ஆனால் இந்த ஹார்மோன்களும் அந்தக் கைகளில் சேர்ந்தவை.

இதைப் படித்துவிட்டுப் பயப்பட வேண்டாம். ஒரு தேர்வு வாரத்தால் உங்கள் தைமஸ் காணாமல் போய்விடாது. எலிகளிடம் செய்த சோதனைகளில், அழுத்தம் நீங்கியதும் தைமஸ் மீண்டும் வளர்வதையும் கண்டிருக்கிறார்கள். இளம் வயதில் உடம்பு மன்னிக்கும் குணம் உடையது. ஆபத்து, ஓய்வே இல்லாமல் நீண்டுகொண்டே போகும் அழுத்தத்தில்தான் இருக்கிறது.

அந்த இடத்தில்தான் எனக்கு ஒரு மனக்குறை. "நன்றாகத் தூங்கு" என்று மாணவரிடம் சொல்வது எளிது. பள்ளி முடிந்து துணைப்பாட வகுப்பு, பிறகு கடையில் பகுதி நேர வேலை, இரவு பதினொன்றுக்கு வீடு, மீண்டும் விடியற்காலை ஐந்தரைக்குப் பள்ளிப் பேருந்து என்று ஓடும் பிள்ளைகள் நம் சமூகத்தில் எத்தனை பேர்! அவர்களின் பிட்யூட்டரிக்கு அறிவுரை புரியாது. அதற்குப் புரிவது நேரம் மட்டுமே. ஆகவே இந்தச் செய்தி மாணவர்களுக்கு எவ்வளவோ, அவ்வளவு பெற்றோருக்கும் ஆசிரியருக்கும், இரவு பத்து மணிக்குமேல் கூடுதல் வகுப்பு வைப்பவர்களுக்கும் உரியது. தேர்வுக்கு முன் வாரம் வீட்டு வேலையிலிருந்து ஒரு பிள்ளையை விடுவிப்பது, கடைசி வகுப்பை ஒரு மணி நேரம் முன்னதாக முடிப்பது ஆகியவை சலுகை அல்ல. அந்தப் பிள்ளையின் எலும்பு மஜ்ஜையும் தைமஸும் வேலை செய்யத் தேவையான நேரம் அது.

அறிவியல் துறையைத் தேர்ந்தெடுக்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்மித்தின் தடயம் 31 ஆண்டுகள் பொருள் புரியாமல் கிடந்ததற்குக் காரணம், சுரப்பியை ஆராய்ந்தவர்களும் தைமஸை ஆராய்ந்தவர்களும் வெவ்வேறு அறைகளில் இருந்ததுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. மனிதரின் தைமஸைப் பாதுகாப்பாக மீண்டும் வளர்க்கும் வழி இன்னும் கைக்கு வரவில்லை. புற்றுநோய்ச் சிகிச்சைக்குப் பிறகு நோய் எதிர்ப்பு இழந்து நிற்பவர்களும், தடுப்பூசி போட்டும் போதிய பலன் கிடைக்காத முதியவர்களும் அதற்காகக் காத்திருக்கிறார்கள். அந்த வழியைக் கண்டுபிடிப்பவர் ஹார்மோன் பாடத்தையும் நோய் எதிர்ப்புப் பாடத்தையும் ஒரே குறிப்பேட்டில் எழுதி வைத்தவராகத்தான் இருப்பார். அவர் இப்போது நான்காம் படிவத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருக்கலாம். அவருக்கு என் ஒரே வேண்டுகோள்: இன்றிரவு நேரத்தோடு படுங்கள்.